காடிலாக் என்னும் பெயர்

அமெரிக்க மக்களின் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. ஒரு பேனாவையோ தையல் இயந்திரத்தையோ மிக உயர்ந்தது என்று பாராட்ட வேண்டுமானால், "பேனாக்களுள் இது காடிலாக்" என்றும், "தையல் இயந்திரங்களுள் இது காடிலாக்" என்றும் சொல்வார்கள். 2010ஆம் ஆண்டில் அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறிற்று. மிகுந்த விலையுள்ள காப்பீட்டுத் திட்டங்களின்மீது வரி விதிக்க அதில் ஒரு பிரிவு இருந்தது. மக்கள் அதற்குக் 'காடிலாக் வரி' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். நடைமுறைக்கு வருமுன்பே 2019இல் அவ்வரி நீக்கப்பட்டது.

காடிலாக் என்பது டெட்ராய்ட் நகரில் 1902இல் தோன்றிய ஒரு மோட்டார் வண்டியின் பெயர். ஒரு வண்டியின் பெயர் மற்றப் பொருள்களையெல்லாம் அளக்கும் அளவுகோலாக எவ்வாறு ஆயிற்று? அந்த அளவுகோலே பின்னர் எவ்வாறு பழுதுற்றது? அதனைச் செப்பம் செய்ய மேற்கொண்ட முயற்சிகள் யாவை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும். மோட்டார் வண்டியில் நாட்டம் இல்லாத மாணவர்களும் இதனைக் கேட்கலாம். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எல்லாருக்கும் உரியதன்றோ?

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1701ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் சார்பில் வந்த ஒருவர் வட அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் கோட்டை ஒன்றை அமைத்தார். அதுவே வளர்ந்து டெட்ராய்ட் நகரம் ஆயிற்று. அவர் தம்மை அந்துவான் த லா மோத் காடிலாக் என்று அழைத்துக்கொண்டார். ஆனால் பிறந்தபோது அவருக்கு இருந்த பெயர் அந்துவான் லோமே என்பதே. பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் நீதிமன்றத் தொழிலில் இருந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவர், கடல் கடந்து வந்தபின் பெருங்குடிக்குரிய பெயர் ஒன்றைத் தாமே சூடிக்கொண்டார். அதற்கேற்ற குலச்சின்னம் ஒன்றையும் தாமே வகுத்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் டெட்ராய்டில் தோன்றிய மோட்டார் நிறுவனம், நகரைக் கண்டவர் என்ற பெருமை கருதி அவருடைய பெயரையும் அந்தக் கேடயச் சின்னத்தையும் எடுத்துக்கொண்டது. எனவே அந்தச் சின்னத்திற்குப் பரம்பரைச் சிறப்பு ஒன்றும் இல்லை. அதற்கு மதிப்பு வரவேண்டுமானால் வண்டிதான் அதனை ஈட்டித் தரவேண்டும்.

ஈட்டித் தந்தவர் ஹென்றி லீலண்ட் என்பவர். 1843இல் வெர்மாண்ட் மாநிலத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பின்னர் அளவுக் கருவிகளும் தையல் இயந்திரங்களும் செய்த பிரவுன் அண்டு ஷார்ப் என்னும் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றினார். துப்பாக்கியாயினும் தையல் இயந்திரமாயினும் உறுப்புகள் இம்மியும் பிசகாமல் அமையவேண்டும் என்னும் பாடத்தை அவர் கற்ற இடங்கள் அவையே. 1890இல் டெட்ராய்டுக்கு வந்து சொந்தமாக ஒரு பட்டறை நடத்தினார்.

1902இல் ஹென்றி ஃபோர்டு, தம் பெயரால் அமைந்திருந்த நிறுவனத்திலிருந்து முதலீட்டாளர்களோடு கருத்து வேறுபட்டு விலகினார். மூலதனம் போட்டவர்கள் அந்நிறுவனத்தைக் கலைத்துவிட எண்ணி, இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட்டுத் தருமாறு லீலண்டை அழைத்தார்கள். அவர் மதிப்பீட்டோடு வேறொன்றையும் கொண்டு சென்றார். ஓல்ட்ஸ் நிறுவனத்திற்காகத் தாம் செம்மை செய்து, அவர்கள் ஏற்றுக்கொள்ளாத ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அது. "நிறுவனத்தைக் கலைக்க வேண்டா, இந்த எஞ்சினை வைத்து வண்டி செய்யுங்கள்" என்பது அவர் கூறிய அறிவுரையின் சாரம். அப்போது அவருக்கு வயது 59. ஓய்வை எண்ணும் வயதில் அவர் ஒரு புதுத் தொழிலுக்கு அடிப்படை இட்டார். 1903ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க் கண்காட்சியில் அவ்வண்டி வைக்கப்பட்டபோது, 2,000 வண்டிகளுக்கு மேல் முன்பதிவு குவிந்தது.

இங்கே உறுப்புகளின் அளவைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். நான் வடிவியல் கற்பித்த நாள்களில், மாணவர் இருவரின் அடிக்கோல்களை வாங்கி ஒன்றையொன்று ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். இரண்டிலும் 15 சென்டிமீட்டர் என்றே எழுதியிருக்கும். ஆயினும் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தா. வகுப்பே வியக்கும். வரைதாளில் மயிரிழை அளவு பிசகினால் மதிப்பெண்தான் குறையும். விரைந்து சுழலும் எஞ்சினிலோ அப்பிசகு உராய்வாகவும் ஓசையாகவும் முறிவாகவும் முடியும்.

அக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளைத் தேர்ந்த கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் நுழையாவிட்டால் அரத்தால் இராவிச் சரிசெய்வார்கள். ஒரு வண்டியின் பிஸ்டன் இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது. உறுப்பு ஒன்று உடைந்தால் அதற்கெனப் புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டும். லீலண்ட் இம்முறையை ஏற்கவில்லை. அங்குலத்தில் 1,000இல் ஒரு பங்கைக் கணக்கிட்டு உறுப்புகளை வார்க்கவும் கடையவும் செய்தார். சுவீடன் நாட்டு யோஹான்சன் வகுத்த எஃகு அளவுக் கட்டைகளை அமெரிக்காவில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

இதன் பயன் 1908ஆம் ஆண்டில் உலகறிய விளங்கிற்று. இங்கிலாந்தில் காடிலாக் வண்டிகளை விற்றுவந்த ஃபிரெடரிக் பென்னெட் என்பவர், அந்நாட்டு இராயல் ஆட்டோமொபைல் கழகத்தின் மேற்பார்வையில் ஒரு சோதனைக்கு உடன்பட்டார். கழகத்தார் இலண்டனில் இருப்பில் இருந்த வண்டிகளுள் மூன்றைத் தேர்ந்தெடுத்தனர். அவை புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, முழுவதும் கழற்றப்பட்டன. வண்டி ஒன்றுக்கு 721 உறுப்புகள். மூன்று வண்டிகளின் உறுப்புகளையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். போதாதென்று அவற்றிலிருந்து 89 உறுப்புகளை அப்புறப்படுத்திவிட்டு, கடை இருப்பிலிருந்து புதியவற்றைச் சேர்த்தார்கள். அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று வண்டிகளைப் பூட்ட வேண்டும். ஸ்பானரும் திருப்புளியும் தவிர வேறு கருவியைத் தொடலாகாது. அரம் கூடவே கூடாது. இயந்திரப் பணியாளர்கள் அவ்வாறே பூட்டினார்கள். மூன்று வண்டிகளும் கிளம்பி, ஒவ்வொன்றும் 500 மைல் ஓடின. எந்த உறுப்பு எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கழகத்தார் டியூவர் கோப்பை என்னும் உயர்ந்த பரிசை வழங்கினர். 'உலகின் அளவுகோல்' என்னும் விருதுத் தொடரைக் காடிலாக் தன் விளம்பரங்களில் சூடத் தொடங்கியது இச்சோதனைக்குப் பின்னரே. அத்தொடர் அப்போது வெறும் புகழுரையாக இருக்கவில்லை. சோதித்து அறிந்த உண்மையாக இருந்தது.

1909இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காடிலாக்கை விலைக்கு வாங்கிற்று. ஆனால் பொறுப்பு லீலண்டின் கையிலேயே இருந்தது. அக்காலத்தில் எஞ்சினைக் கிளப்புவதற்கு வண்டியின் முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி வலிமையாகச் சுழற்ற வேண்டும். எஞ்சின் சில வேளை பின்னோக்கி உதைக்கும். மணிக்கட்டும் தாடையும் முறிந்தவர் பலர். ஓகையோ மாநிலத்து டேட்டன் நகரிலிருந்த சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சினைச் சுழற்றத்தக்க மின்மோட்டார் வண்டியில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதியிருந்தார்கள். கெட்டரிங்கோ முன்பு கடைகளில் பயன்படும் பணப்பெட்டிக் கருவிக்கு மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் சில நொடிகளே வேலை செய்தால் போதும். ஆகவே சிறிய மோட்டாரிலிருந்தே அச்சில நொடிகளுக்குப் பெரும் ஆற்றலைப் பெறலாம். இந்த நுட்பத்தையே அவர் எஞ்சினுக்கும் பயன்படுத்தினார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் மின்சாரத்தால் கிளம்பின, மின்விளக்கும் பெற்றன. உடல் வலிமை மிக்கவர்க்கே உரியதாயிருந்த மோட்டார் வண்டியைப் பெண்களும் முதியோரும் தனியே கிளப்பிச் செல்ல இது வழி திறந்தது. டியூவர் கோப்பை இரண்டாம் முறையாகவும் காடிலாக்கைச் சேர்ந்தது.

1914ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பொருந்திய வண்டி வெளிவந்தது. நான்கு நான்காக இரு வரிசையில், ஆங்கில வி எழுத்தின் வடிவில் சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் அது. தொடக்கத்தில் அதில் சில குறைகள் இருந்தன என்றும், போட்டியாளர்கள் அவற்றைப் பெரிதுபடுத்தினார்கள் என்றும் கூறுவர். அதற்கு விடையாகத் தியடோர் மக்மானஸ் என்னும் விளம்பர எழுத்தாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1915ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் அது ஒரு வார இதழில் விளம்பரமாக வந்தது. முதன்மை பெற்றவன் பொறாமைக்கும் இலக்காவான் என்பதே அதன் பொருள். கட்டுரையில் வண்டியின் பெயர் இல்லை, விலை இல்லை, மோட்டார் என்னும் சொல்லும் இல்லை. விளம்பரக் கலையின் வரலாற்றில் இன்றும் அது எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைப் பற்றிப் பேசாமல் பெயரின் பெருமையை மட்டுமே பேசும் விளம்பரம் இங்கே தொடங்குகிறது. பொருள் உயர்ந்து நின்ற காலத்தில் அதனால் தீங்கில்லை.

1917இல் லீலண்ட் காடிலாக்கை விட்டு நீங்கினார். முதல் உலகப் போருக்கு விமான எஞ்சின்கள் செய்வதற்காக வேறொரு நிறுவனத்தை நிறுவி, தாம் 1864இல் வாக்களித்த குடியரசுத் தலைவரின் பெயரான லிங்கன் என்பதை அதற்கு இட்டார். போர் முடிந்தபின் லிங்கனும் மோட்டார் வண்டிகள் செய்தது. கடன் பெருகி, 1922இல் ஃபோர்டின் கைக்குச் சென்றது. இவ்வாறு அமெரிக்காவின் பெருமைக்குரிய இரண்டு வண்டிகளையும் தோற்றுவித்தவர் ஒருவரே.

காடிலாக்கின் அடுத்த பருவத்திற்கு உரியவர் ஆல்ஃபிரடு ஸ்லோன். இளமையில் அவர் உருளைத் தாங்கிகள், அதாவது பேரிங்குகள், விற்றுவந்தார். ஒருமுறை லீலண்ட் அவரை அழைத்து, அவர் அனுப்பிய பேரிங்குகளை மைக்ரோமீட்டரால் அளந்து காட்டி, ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்று கடிந்துகொண்டாராம். ஆயிரக்கணக்கில் செய்தாலும் முதலாவதும் கடைசியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அன்று கற்றதை ஸ்லோன் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். 1923இல் ஜெனரல் மோட்டார்சின் தலைவரான அவர், நிறுவனத்தின் வண்டிகளை ஏணிப் படிகளாக வரிசைப்படுத்தினார். அடிப்படியில் எல்லாரும் வாங்கத்தக்க செவர்லே; உச்சிப்படியில் காடிலாக். வருவாய் உயர உயர மனிதன் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழக்கமும் அவர் காலத்தில் வேரூன்றியது. அதற்கென 1927இல் ஹாலிவுட்டைச் சேர்ந்த ஹார்லி ஏர்ல் என்னும் வடிவமைப்பாளர் அமர்த்தப்பட்டார். அளவுக் கருவிக்கு அருகே தூரிகையும் வந்து அமர்ந்தது.

1930ஆம் ஆண்டு சனவரியில் பதினாறு சிலிண்டர் கொண்ட காடிலாக் அரங்கேறியது. பங்குச் சந்தை வீழ்ச்சியுற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. நாடெங்கும் வேலையின்மையும் வறுமையும் பரவிய காலத்தில் அத்தகைய வண்டியை வாங்குவார் யார்? 1940 வரை பத்தாண்டுகளில் அவ்வகை வண்டிகள் 5,000கூடச் செய்யப்படவில்லை. காடிலாக்கையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தியைப் பீட்டர் டிரக்கர் என்னும் மேலாண்மை அறிஞர் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். காடிலாக்கின் பழுதுபார்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் நிக்கலஸ் டிரேய்ஸ்டாட், செர்மனியில் பிறந்தவர். பணிமனைகளுக்குச் சென்று பார்த்தபோது, அங்கே வண்டி கொண்டுவருவோரில் கறுப்பின மக்கள் பலர் இருப்பதைக் கண்டார். அவர்களுக்கு வண்டி விற்பதில்லை என்பது நிறுவனத்தின் அக்காலக் கொள்கை. அப்படியாயின் வண்டி எவ்வாறு கிடைத்தது? மருத்துவர்களும் குத்துச்சண்டை வீரர்களும் பாடகர்களுமான அவர்கள், வெள்ளையர் ஒருவருக்குத் தனியே பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கி வந்தார்கள். நல்ல வீடு வாங்கவும், நல்ல விடுதியில் தங்கவும் அவர்களுக்குத் தடை இருந்தது. உழைப்பால் அடைந்த உயர்வை வெளியே காட்ட அவர்களுக்கு எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று அந்த வண்டி. டிரேய்ஸ்டாட் நிருவாகக் குழுவின்முன் சென்று, அவர்களுக்கு நேராகவே விற்போம் என்று வாதாடினார். குழு இசைந்தது, விற்பனை உயர்ந்தது. 1934இல் காடிலாக்கின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. செலவைக் குறைத்துத் தரத்தைக் குறையாமல் காத்ததும் அவர் செயலே.

இதில் அறமும் வாணிகமும் கலந்திருக்கின்றன. நிறுவனம் நீதிக்காக மனம் மாறிற்று என்று சொல்ல முடியாது, வாழவேண்டி மாறிற்று. எனினும் வாங்கியோர் பக்கம் நின்று பார்த்தால் அதன் பொருள் வேறு. 1949ஆம் ஆண்டு செப்டம்பரில், கறுப்பின மக்களின் இதழான 'எபனி', அவர்கள் காடிலாக் வாங்குவது ஏன் என்று ஒரு தலையங்கமே எழுதிற்று. பகட்டுக்காக வாங்குகிறார்கள் என்ற ஏளனத்தை மறுத்து, எந்த வெள்ளையனுக்கும் தான் தாழ்ந்தவன் அல்லன் என்று கூறும் சின்னமாக அவ்வண்டி விளங்குகிறது என்று அது வாதிட்டது. பெயரின் மதிப்பை உண்டாக்குபவர் செய்பவர் மட்டுமல்லர். வாங்கி ஓட்டுபவரும் அதனை உண்டாக்குகிறார். டெட்ராய்டில் யாரும் எண்ணியிராத ஒரு பொருளை அப்பெயருக்கு அம்மக்கள் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் காடிலாக் தொழிற்சாலை டாங்கிகள் செய்தது. போருக்குப் பின் வந்த காலமே அதன் புகழின் உச்சி. லாக்கீடு பி-38 என்னும் இரட்டை வால் போர்விமானத்தின் அழகில் ஈடுபட்ட ஹார்லி ஏர்லின் குழுவினர், 1948ஆம் ஆண்டு வண்டியின் பின்புறம் இரு சிறு துடுப்புகளை எழுப்பினர். அடுத்த ஆண்டில் 160 குதிரைத்திறன் கொண்ட புதிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் வந்தது. எடை குறைந்து ஆற்றல் மிகுந்தது அது. வடிவமும் பொறியும் ஒருங்கே வளர்ந்த ஆண்டுகள் அவை. 1950இல் முதன்முறையாக ஓராண்டில் 1 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1953இல் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஊர்வலத்தில் சென்றது எல்டொராடோ என்னும் காடிலாக் வண்டி. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் காடிலாக் இன்றும் மெம்பிஸ் நகரில் அவர் வாழ்ந்த மாளிகையில் காட்சிக்கு உள்ளது.

வால் துடுப்புகளோ ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, 1959இல் உச்சியை எட்டின. அவற்றால் வண்டிக்கு விரைவும் இல்லை, உறுதியும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்காகவே அவை நின்றன. பின்னர்ப் படிப்படியாகத் தாழ்ந்து 1960களின் நடுவில் மறைந்தன. 1974இல் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகருக்கு அருகே கலைஞர் குழு ஒன்று பத்துக் காடிலாக் வண்டிகளைத் தலைகீழாக நிலத்தில் நட்டது. துடுப்பு தோன்றி வளர்ந்து மறைந்த வரலாற்றை 1949 முதல் 1963 வரையிலான அவ்வண்டிகளின் வால்களில் வரிசையாகக் காணலாம்.

அதே காலத்தில் உண்மையான வண்டிகள் பெருத்துக்கொண்டே சென்றன. 1970இல் எல்டொராடோவுக்கு 8.2 லிட்டர் எஞ்சின் அமைந்தது. 1973இல் ஆண்டு உற்பத்தி 3 இலட்சத்தைக் கடந்தது. உச்சிப்படியில் சிலரே நிற்க முடியும். 3 இலட்சம் பேர் ஏறிய படி உச்சிப்படி ஆகுமா? அந்த ஆண்டின் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. பெரிய வண்டி என்பது பெருமைக்குப் பதிலாக வீண்செலவின் அடையாளமாகத் தோன்றலாயிற்று.

இங்கே இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன். 1975இல் செவில் என்னும் சிறிய காடிலாக் வந்தது. அதன் அடித்தளம் செவர்லே வண்டி ஒன்றிலிருந்து பெற்றதே. ஆயினும் பொறியாளர்கள் அதனை ஏறக்குறைய முழுவதும் திருத்தி அமைத்தார்கள். நீளம் குறைந்தும் விலை மிகுந்தும் இருந்த அவ்வண்டியை மக்கள் மதித்து வாங்கினார்கள். 1982ஆம் ஆண்டுக்கென சிமரோன் வந்தது. அதுவும் செவர்லேயின் கவலியர் என்னும் மலிவு வண்டியோடு ஒரே அடித்தளத்தில் பிறந்ததே. இம்முறை திருத்தம் மிகக் குறைவு. தோல் இருக்கை, புதிய முகப்பு, கேடயச் சின்னம் ஆகியவையே பெரிய வேறுபாடுகள். விலையோ 12,000 டாலருக்கு மேல். வாங்க வந்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். என் மாணவர்கள் இரண்டு அடிக்கோல்களை வைத்துப் பார்த்ததுபோல. சின்னத்தை ஒட்டினால் பொருள் உயர்ந்துவிடும் என்று நிறுவனம் எண்ணியதை மக்கள் ஏற்கவில்லை. 1988இல் சிமரோன் நின்றது. அதனால் வந்த இழிவு நீங்கப் பல்லாண்டு ஆயிற்று.

1981இல் இன்னொரு சறுக்கலும் நேர்ந்தது. எட்டுச் சிலிண்டர்களும் எப்போதும் தேவைப்படா. சமவெளிச் சாலையில் ஆறோ நான்கோ இயங்கினால் பெட்ரோல் மிஞ்சும். இவ்வெண்ணத்தோடு, தேவைக்கேற்பச் சிலிண்டர்களை நிறுத்தும் எஞ்சினைக் காடிலாக் வெளியிட்டது. எண்ணம் சரியானதே. இன்று பல நிறுவனங்கள் அம்முறையைச் செவ்வனே கையாளுகின்றன. ஆனால் அன்றைய கணினிக்கு அவ்வேலைக்குரிய விரைவு இல்லை. வண்டி குலுங்கிற்று, தயங்கிற்று. பலர் பணிமனைக்குச் சென்று அந்த அமைப்பின் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள். 1908இல் முதலில் சோதனை, பின்னர் விளம்பரம் என்று இருந்தது. 1981இலோ சோதனையின் பெரும்பகுதி வாங்கியோர் தலையில் விழுந்தது.

1989இல் சப்பானிய டொயோட்டா நிறுவனம் லெக்சஸ் என்னும் உயர்வகை வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் வந்த அதன் விளம்பரம் ஒன்றில், ஓர் எஃகுக் குண்டு வண்டியின் உடற்தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியின் வழியே விழாமல் உருண்டோடும். இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறது என்பதே அதன் பொருள். லீலண்ட் மைக்ரோமீட்டரைக் காட்டிக் கற்பித்த பாடத்தை இப்போது வேறொருவர் அமெரிக்க மக்களுக்குக் காட்டினார். செர்மனியின் மெர்சிடிஸ் பென்சும் பி.எம்.டபிள்யூ.வும் ஏற்கெனவே இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. காடிலாக் முதியோர் வண்டி என்ற பெயரைப் பெற்றது.

வருந்தத்தக்க ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1998ஆம் ஆண்டு விற்பனையில் லிங்கனை 222 வண்டிகளால் முந்தி முதலிடம் பெற்றதாகக் காடிலாக் அறிவித்தது. 1999 மே மாதத்தில் அக்கணக்கு பிழையானது என்றும், 4,773 வண்டிகள் மிகுதியாக எண்ணப்பட்டன என்றும் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முதலிடம் லிங்கனுக்குச் சென்றது. அங்குலத்தில் 1,000இல் ஒரு பங்கை அளந்த வீட்டில், வண்டிகளின் எண்ணிக்கையே பிசகிற்று. ஆயினும் பிழையை ஒப்புக்கொண்டதும் ஒரு தொடக்கமே.

புத்துயிர் இரு வழிகளில் வந்தது. ஒன்று, 1998இல் வெளிவந்த எஸ்கலேடு என்னும் பெரிய வண்டி. முதலில் அதுவும் உடன்பிறந்த வண்டியின் மாற்றுடையாகவே வந்தது; 2001இல் செம்மையாகத் திருத்தப்பட்டது. அதனைத் தேடி வாங்கியோருள் கறுப்பின இசைக்கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் முன்னின்றார்கள். 1930களில் பின்வாசலில் நிறுத்தப்பட்ட மக்களின் பேரன்மாரே அப்பெயருக்கு இளமையை மீட்டுத் தந்தார்கள் எனலாம். மற்றொன்று பொறியியல் வழி. 2002இல் வந்த சி.டி.எஸ். என்னும் வண்டி புதிய அடித்தளத்தில் உருவாகி, செர்மனியின் நூர்பர்க்ரிங் ஓட்டப் பாதையில் சோதித்துச் செம்மை செய்யப்பட்டது. 2008இல் அதன் விரைவு வகை, சுமார் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கடினப் பாதையை 8 நிமிடத்திற்குள் சுற்றி முடித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் புரூக்லண்ட்சில் நடந்ததுபோல, பிறர் நாட்டு மண்ணில் நடந்த சோதனையே மீண்டும் மதிப்பைத் தந்தது.

சின்னமும் எளிமை அடைந்தது. கேடயத்தில் இருந்த சிறு பறவைகளும் கிரீடமும் 2000ஆம் ஆண்டையொட்டி நீங்கின. சுற்றியிருந்த இலைமாலை 2014இல் நீங்கியது. அந்துவான் லோமே தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட அணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2022இல் லிரிக் என்னும் மின்வண்டி விற்பனைக்கு வந்தது. 1912இல் எஞ்சினை எழுப்பிவிட்டு ஒதுங்கி நின்ற மின்மோட்டார், இப்போது எஞ்சினையே விலக்கிவிட்டு வண்டியை ஓட்டுகிறது. இந்தப் புதிய பருவத்தில் அப்பெயர் நிலைக்குமா என்பதை இனிச் செய்யப்படும் வண்டிகளே சொல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. காடிலாக் என்னும் பெயர் அளவுகோலாக ஆனதற்குக் காரணம், அப்பெயருக்குப் பின்னால் ஒருவர் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்த்தார் என்பதே. பெயர் வந்தபின், "நாமே அளவுகோல், நம்மை அளப்பது எதற்கு?" என்னும் எண்ணம் புகுந்தது. அங்கே இறக்கம் தொடங்கியது. நற்பெயர் பெற்ற பள்ளிக்கும் இது பொருந்தும். முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனுக்கும் பொருந்தும். பல்லாண்டு ஆசிரியனாக இருந்து, தன் பாடத்தை மறுமுறை படித்துப் பார்க்கச் சோம்பல்படும் என்போன்றோர்க்கும் பொருந்தும். நாளை வகுப்பில் உங்கள் அடிக்கோலை நண்பனின் கோலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், தவறு எந்தக் கோலில் என்று கேட்கும்போது உங்கள் கோலையும் ஐயுறப் பழகுங்கள்.